ஒரு ரோல் பாறை

குடிகிடப்புக்காரருக்குப் பத்து சென்ட் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது கிருஷ்ணன்குட்டி வழக்குக்கும் போகவில்லை, வாய்தாவும் கேட்கவில்லை. தன் தென்னை விளையின் ஓரத்தில் அப்பன் காலத்திலிருந்தே குடில் கட்டிக் கிடந்த தாசையனுக்கு நல்ல நாள் பார்த்து அளந்து விட்டார். அளந்ததில் பாதிக்கு மேல் பாறை. தென்னை நிற்கும் பக்கம் தனக்கும் பாறை கிடக்கும் பக்கம் தாசையனுக்கும் வருகிற மாதிரி அவர் எல்லைக்கல் போடச் சொன்னபோது, சங்கிலி பிடித்தவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து சென்ட் கொடு என்று எழுதிய சட்டம், அதில் கொஞ்சம் மண்ணும் இருக்கட்டும் என்று எழுத மறந்துவிட்டது போலிருக்கிறது.

தாசையன் அன்று முழுக்கப் புலம்பினான். “பாதி நமக்கு, பாதி காக்காய்க்கு. காக்கா வந்து இருக்கட்டும்ணு தந்திருக்கியாவ” என்றான்.

அவன் மனைவி கார்த்தியாயினி எல்லாரும் போன பிறகு பாறைமேல் ஏறி ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெறுங்காலோடு நடந்தாள். கல்யாணம் கழிந்து வந்த நாள் முதல் அதே பாறையில்தான் நடந்துகொண்டிருக்கிறாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தது அன்றைக்குத்தான்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே உள்ள எங்கள் ஊர்களில் மகர மாதம் பிறந்தால் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவார்கள். தோல் செத்தி, துண்டு துண்டாக அரிந்து, பெரிய செம்புப் பானையில் பாதி வேக்காட்டில் வாட்டி எடுத்து, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். மழை பிடித்து வேலை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடக்கும் மாதங்களுக்கு அந்த வாட்டுக் கிழங்குதான் சோறு. அதை உலர்த்தப் பாறை வேண்டும். முன்பெல்லாம் பாறையில் விரிப்பதற்கு கிருஷ்ணன்குட்டியின் முற்றத்தில் போய் நின்று கேட்க வேண்டும். இல்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சரி என்று உடனே சொன்னதும் இல்லை. வெற்றிலை போட்டு, துப்பி, பத்திரிகையை ஒரு புறம் புரட்டி, அப்புறம்தான் தலையை ஆட்டுவார்.

இப்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கார்த்தியாயினியிடம் வந்து கேட்கிறார்கள். “அக்கா, நாளைக்கி பாறை ஒழிவுண்டா?” என்று அவர்கள் கேட்டு முடிக்கும் முன்னே, “உண்டு பிள்ளே, கொண்டு வா” என்று அவள் சொல்லிவிடுவாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்தப் பாறையைக் குறைத்துப் பேச மாட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் மகன் மணியனுக்குத் தெரியாது. நிலம் அளப்பதற்கு முந்தியே அவன் துபாய்க்குப் போய்விட்டான். சிறு வயதில், பாறையில் உலர்த்தியிருந்த கிருஷ்ணன்குட்டி வீட்டு நல்லமிளகை மிதித்து ஓடியதற்காகக் கன்னத்தில் வாங்கியது மட்டும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாறசாலையில் ரோட்டோரமாக இடம் வாங்க வேண்டும், கான்கிரீட் வார்ப்பு வீடு வைக்க வேண்டும், அம்மையும் அப்பனும் அந்தப் பாறையை விட்டு இறங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தான்.

அதற்கு ஏற்றாற்போல் சிவதாணு வந்து சேர்ந்தார். ஒற்றசேகரமங்கலத்தில் கல் உடைக்கும் பாறைமடை வைத்திருந்தவர். துபாய்ப் பணத்தில் ஊர் முழுக்க வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, எல்லா வீட்டுக்கும் அஸ்திவாரத்துக்குக் கல் வேண்டும். அவர் சுத்தியலால் பாறையை அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டார். நோயாளியின் நெஞ்சில் டாக்டர் குழல் வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு நடு மத்தியில் வெள்ளைப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு, “முதல் வெடி இங்கெயாக்கும்” என்றார். காக்காய்க்கு ஒதுக்கின இடத்தை இவர் விலைக்குக் கேட்கிறாரே என்று தாசையன் வாயைப் பிளந்தான்.

தாசையனைக் குறை சொல்வதற்கில்லை. வாழைக்குலை சுமந்து சுமந்து முழங்கால் போய்விட்டது. வீட்டுக்கு வர இடவழிதான் உண்டு, வண்டி வராது, கரண்டு வராது. போன மழையில் காய்ச்சல் கண்டபோது அவனை நாற்காலியில் வைத்துத் தூக்கித்தான் ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். விற்றுவிடலாம் என்று அவன் மகனுக்குச் சொல்லியனுப்பினான்.

மகனுக்குக் கடிதம் எழுதுவது பக்கத்து வீட்டு சத்தியபாய். தாசையன் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள். கார்த்தியாயினிக்கு எழுத்து தெரியாது. பாறையைக் கொடுக்கக் கூடாது என்று அவள் அடுக்களையிலிருந்து சொன்னது ஒரு கடிதத்திலும் ஏறவில்லை. ‘அம்மைக்கும் சுகம்’ என்ற இரண்டு வார்த்தைதான் எல்லாக் கடிதத்திலும் அவளுடைய பங்கு.

அப்படியிருக்கும்போது ஜெயதாஸ் லீவில் வந்தான். மணியனோடு ஒரே அறையில் கிடப்பவன், பெண் பார்ப்பதற்காக வந்திருந்தான். மணியன் கொடுத்துவிட்ட பொதியில் இரண்டு சோப்பு, ஒரு டார்ச் லைட், தைலம், பிறகு உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி.

“இது காமிராவாக்கும்” என்றான் ஜெயதாஸ்.

“இதா? வெளையாட்டுச் சாமானம்ணுல்லா நெனச்சேன்” என்றான் தாசையன். காமிரா என்றால் அவனுக்குத் தெரிந்தது பாறசாலை ஸ்டுடியோவில் மூன்று காலில் நிற்கும் பெட்டிதான். கல்யாணத்துக்கு அதன் முன்னால் போய் இருவரும் நின்றிருக்கிறார்கள். ஸ்டுடியோக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையாதே, மூச்சு விடாதே, தாடையைத் தூக்கு என்று அதட்டிய அதட்டலில் கார்த்தியாயினி கண்ணை மூடிவிட்டாள். அந்தப் படத்தில் அவள் உறங்குகிறாள்.

“வெலெ கொறஞ்ச சாதனம் தான் மாமா. அங்கெ மிட்டாய் விக்கிய கடையில தொங்கும். ஆனா இதுக்கு ஸ்டுடியோக்காரன் வேண்டாம். அளவு பாக்கண்டாம், திருப்பண்டாம், ஒண்ணும் படிக்கண்டாம். இந்தச் சின்ன ஜன்னல் வழியா பாக்கணும். ஜன்னல்ல என்ன காணுதோ அது படத்துல விழும். சூரியன் நம்ம முதுகுல இருக்கணும். இந்தக் கட்டையெ அமுக்கணும். பின்னெ பெருவிரல் கொண்டு இந்தச் சக்கரத்தெ நிக்கியது வரெ உருட்டணும். தீந்துது சோலி.”

“படிக்காதவிய அமுக்கினாலும் விழுமா மக்கா?” என்று கார்த்தியாயினி கேட்டாள்.

“அதுக்கு ஆளெ அறியுமா மாமி? ஆரு அமுக்கினாலும் விழும். இஞ்ச பிடிங்க, ஒண்ணு அமுக்கிப் பாருங்க.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். முற்றத்தில் சத்தியபாயின் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் கண்ணை வைத்தாள். கோழி ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்கி, கொண்டையும் அலகும் துலக்கமாக, கறுப்புக் கரையிட்ட துண்டுக்குள் நின்றது. அவள் அமுக்கினாள். கடுகு வெடிக்கிற அளவுக்கு ஒரு சத்தம்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்வெட்டியானாலும் உலக்கையானாலும் கடவம் நிறையக் கிழங்கானாலும், அவள் கை பட்டது எல்லாமே முழுப் பலத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வேலை செய்திருக்கிறது. ஒரு விரலுக்கு மறுபேச்சில்லாமல் கட்டுப்படுகிற சாமானத்தை அவள் அதுவரை கண்டதில்லை. அவளுக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

“வாற ஞாயிற்றுக்கிழமெ நான் வந்து எடுக்கேன்” என்றான் ஜெயதாஸ். “ரோட்டுல வாங்கப் போற எடத்தெ எடுக்கணும், நிங்க ரெண்டு பேரெயும் அங்கெ நிறுத்தி எடுக்கணும்ணு மணியன் சொல்லி விட்டிருக்கான். திங்கக்கிழமெ எனக்குப் போணும். கலர் பிலிமாக்கும், இங்கெ கழுவ ஆளில்ல. நான் கையோட கொண்டு போயி அங்கெ கழுவிக்கிடுவேன்.” பெட்டியை அவளிடமே விட்டுவிட்டு, காஞ்சிரங்குளத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க அவன் கிளம்பிப் போனான்.

அந்த வாரம்தான் கிழங்கு வாட்டு. விடிந்தது முதல் பெண்கள் பாறைக்குக் கீழே வட்டமாக உட்கார்ந்து தோல் செத்தினார்கள். கல் கூட்டி ஏற்றிய செம்பில் வெள்ளம் கொதித்து, மாவு மணம் விளை முழுக்கப் பரவியது. கார்த்தியாயினி அடுப்படியில் நின்றாள். கிழங்கு எப்போது பதமாகும் என்பது அவள் கைக்குத் தெரியும். கொஞ்சம் முந்தினால் உலராது, கொஞ்சம் பிந்தினால் குழைந்துவிடும். அகப்பையால் ஒரு துண்டை எடுத்து நகத்தால் கிள்ளிப் பார்த்து, “வாருங்க” என்பாள். இரண்டு பேர் வலைப்பின்னல் கூடையால் வாரிக் கடவத்தில் கொட்டுவார்கள். நடுவில் ஒரு பானைக் கிழங்கை முழுதாக அவித்து, காந்தாரி மிளகு நசுக்கி எண்ணெய் விட்டு, எல்லாரும் வாழையிலையில் வைத்துத் தின்றார்கள். கட்டன் சாயாவும் உண்டு.

“பாறையெ வெடி வச்சுப் பொளந்தாச்சுண்ணா வாற மகரத்துல நாங்க எங்க கொண்டு உணத்த?” என்று சத்தியபாய் கேட்டாள்.

“டார் ரோட்டுல போடு பிள்ளே. பஸ்ஸு ஏறி தானே மாவாயிரும். மில்லுக்குப் போண்டாம்” என்றான் தாசையன். எல்லாரும் சிரித்தார்கள்.

“அண்ணனுக்குச் சிரிப்பு. அக்காக்கிட்டெ கேட்டியளா?”

“அவளிட்டெ என்ன கேக்க? மணியன் சம்பாதிக்கியான், மணியன் சொல்லியான். நான் எழுத்துல பெருவிரலெ வைக்கேன். நாள பின்ன ஒரு ஆபத்துண்ணா எனக்கு ரோட்டுல கெடந்து சாவணும். அதுவாவது நடக்கட்டு.”

கார்த்தியாயினி அகப்பையைச் செம்பின் விளிம்பில் தட்டினாள். “நான் ஒண்ணும் சொல்லேலியே” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். ஆனால் நெருப்பு வெக்கையில் சிவந்திருந்த முகம் அதற்குமேல் கொஞ்சம் சிவந்ததை சத்தியபாய் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சத்தியபாய் வாட்டிய கிழங்கைக் கடவத்தில் சுமந்துகொண்டு பாறைக்கு வந்தாள். கிழக்கே கொஞ்சம் மேகம் இருந்தது, மகர மாதத்தில் இருக்கக் கூடாத மேகம். சீக்கிரம் விரித்து ஒரு வெயிலாவது காட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு. தாசையன் சந்தைக்குப் போயிருந்தான். கார்த்தியாயினி பாறைமேல் தனியாக, முகத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியை ஒட்டவைத்துக்கொண்டு, குனிந்தும் குனியாமலும் நின்றிருந்தாள்.

“அக்கா, வெயிலு ஏறிற்றே.”

“வராத, வராத! அங்ஙயே நில்லு!”

“என்னது, பாம்பா?”

“பாம்பொண்ணும் இல்ல. பாறையெ எடுக்கேன்.”

“எடுத்துட்டு எங்கெ போறிய?”

“துபாய்க்கு.”

சத்தியபாய்க்குத் தலைச்சுமையோடு சிரிக்கவும் முடியவில்லை. கார்த்தியாயினி கட்டையை அமுக்கினாள், சக்கரத்தை உருட்டினாள், இடுப்பில் செருகியிருந்த மடியிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்து, ஜன்னலில் கண்ட கடைசி ஓரத்தில் வைத்தாள். பிறகு ஒரு பக்கமாக நகர்ந்து, அந்தத் துண்டு ஜன்னலின் உள்ளே விழுகிற மாதிரி மறுபடியும் நின்று பார்த்தாள்.

“அது எதுக்கு அக்கா அடையாளம்?”

“பின்னெ? ஒரு ஜன்னலுக்கு இத்திரியாக்கும் கொள்ளுது. பாறை முழுசும் கொள்ளணும்ணா, கூரெக்கு ஓலெ கெட்டுதது போல ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தித்தான் எடுக்கணும். எடையில விட்டா ஒழுகும்.”

“படம் ஒழுகுமா?”

“ஒழுகாதுண்ணு நீ கண்டியா?”

சத்தியபாய் எட்டாம் வகுப்பு படித்தவள். ஆனால் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தந்திருக்கவில்லை. வருஷா வருஷம் கார்த்தியாயினி குடிலுக்கு ஓலை போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு ஓலையின் மேல் அடுத்த ஓலை கையகலம் ஏறிக் கிடக்கும், எந்த மழைக்கும் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அதே கவனத்தோடு இப்போது பாறையை மூடிக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கல் ஓடிய கோட்டை எடுத்தாள். மைனா வந்து குடிக்கிற சின்ன வெள்ளக் குழியை எடுத்தாள். எத்தனையோ மகரங்களில் அடுப்புக் கூட்டிக் கறுத்துப்போன இடத்தையும், யாரோ எந்தக் காலத்திலோ நெல் குற்றிக் குற்றிக் குழிந்துபோன வட்டத்தையும் எடுத்தாள். சூரியன் முதுகில் இருக்க வேண்டும் என்று ஜெயதாஸ் சொன்னதை அவள் மறக்கவில்லை.

“ஒருக்கா பாக்கட்டா அக்கா?” என்று சத்தியபாய் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தினமும் மிதிக்கிற பாறைதான். அந்தச் சின்னச் சட்டத்துக்குள் அது முதன்முதலாகக் காண்கிற எதுவோ போல இருந்தது. பனி காயாத கீறலில் பச்சைப் பாசி, அதன் மேல் வரிசையாகப் போகிற எறும்பு, மினுங்குகிற மணல்பொடி. “அம்மோ, எத்தனெ காரியம் கெடக்கு இதுல!” என்றாள். பிறகு வந்த பெண்களும் கடவங்களை இறக்கிவிட்டு ஓரமாக நின்றார்கள். மேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசி மூலையை அமுக்கிவிட்டு உருட்டியபோது சக்கரம் நகரவில்லை. பாறையின் அளவு தெரிந்துதான் மகன் பிலிம் கொடுத்துவிட்டிருக்கிறான் என்று கார்த்தியாயினி வியந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை தாசையன் சவரம் செய்து, துபாய் சோப்பில் குளித்து, மணியன் முன்பு அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு பாறசாலை ரோட்டில் அந்த இடத்தில் போய் நின்றான். பக்கத்தில் கார்த்தியாயினி. ஜெயதாஸ் பெட்டியை உயர்த்தினான், இறக்கினான், எண் காட்டுகிற ஓட்டையைப் பார்த்தான்.

“இதென்ன, பிலிமு தீந்துபோச்சே!”

“நான் எடுத்தேன்” என்றாள் கார்த்தியாயினி.

“முப்பத்தாறுமா? என்னத்தெ மாமி எடுத்திய?”

“பாறையெ.”

ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். சாயாக்கடையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். தாசையனின் சவரம் செய்த முகம் கறுத்தது. “எட்டி, ஆளு நிக்கியதுக்குத் தந்த சாதனத்தெ கொண்டு கல்லையாட்டி எடுத்தே? நீ என்ன பேயா?”

“பாறையெ எடுக்கணும்ணா ஒண்ணு போராதா மாமி? தெங்குல ஏறி நிண்ணு அமுக்கினா முழுசும் ஒரே படத்துல விழும்லா?” என்றான் ஜெயதாஸ்.

“தூரத்துல நிண்ணு பாத்தா எல்லா பாறையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும் மக்கா. அது பாத்ததாவாது.”

கலர் பிலிம் வாங்க திருவனந்தபுரத்துக்குத்தான் போக வேண்டும், அன்றைக்குக் கடையும் இல்லை. ஜெயதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பிலிமை மட்டும் கழற்றிப் பையில் போட்டான். “கழுவக் குடுக்கேன். மணியன் என்னெ ஒண்ணும் செய்யாம இருந்தா செரி” என்றான். காட்டாக்கடை சந்தை வரைக்கும் கதை போயிற்று. பாறையைப் படம் எடுத்தவள் என்று பெண்கள் கார்த்தியாயினியைக் கேலி பேசினார்கள். தாசையன் அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். சோறு வேண்டுமானால் பூனையைப் பார்த்துச் சொல்வான்.

மணியனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மேட மாதத்தில் வருகிறேன், சிவதாணு மொதலாளியிடம் சொல்லி வையுங்கள் என்று மட்டும் இருந்தது. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சத்தியபாய் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, “வேற ஒண்ணும் இல்ல அக்கா” என்றாள். பாறையை விற்க எழுத்துப் போடத்தான் வருகிறான் என்பது எல்லாருக்கும் விளங்கியது. கார்த்தியாயினி அதற்குப் பிறகு பாறையை இரண்டு நேரம் தூத்துப் பெருக்கினாள். ஒரு கோடை மழையில் வெள்ளைக் குறி மங்கியபோது சிவதாணு ஆளனுப்பி அதை மறுபடியும் எடுப்பாகப் போட்டுவிட்டுப் போனார்.

மணியன் வந்தான். பெட்டி, படுக்கை, அத்தர் மணம், சொந்தக்காரர்கள் என்று அன்று பொழுது போயிற்று. மறுநாள் காலையில் சிவதாணுவின் ஜீப் ரோட்டில் வந்து நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடவழியில் இறங்கி வந்து, “அப்பொ நெய்யாற்றின்கரை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எறங்குவமா?” என்று கேட்டார். தாசையன் சட்டை போட்டுத் தயாராக இருந்தான்.

“ஒரு சோலி பாக்கி உண்டு” என்றான் மணியன். ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனான். ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

டின்னிலிருந்து ஒரு படத்தை எடுத்தான். பாறையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், நாலடி நடந்து குனிந்து வைத்தான். காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல் வைத்தான். அடுத்த படத்தை அதற்குரிய இடம் பார்த்து வைத்தான். வைத்துக்கொண்டே போனான். என்ன செய்கிறான் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு சத்தியபாய்தான் கத்தினாள். “அய்யோ, கீறலு! கீறலு சேருது பாருங்க!”

படத்தில் இருந்த கீறல், படம் முடிந்த இடத்தில் பாறையில் தொடர்ந்து ஓடியது. வெள்ளைக் கோடு ஒரு படத்தில் ஏறி அடுத்த படத்தில் இறங்கியது. மைனா குடிக்கிற குழியின் பக்கத்தில் மைனா குடிக்கிற குழி கிடந்தது. ஆட்கள் விளையைச் சுற்றி வந்து நின்றார்கள். கேலி பேசிய பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு படத்திலும் கீழிருந்து மேலாக ஒரு நிழல் விழுந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகி, இரண்டு முழங்கையும் விரித்து நிற்கிற ஒரு பெண்ணின் நிழல்.

“இதெ ரூமுல தரையில விரிச்சேன்” என்றான் மணியன், யாரையும் பார்க்காமல். “கெழங்குத் துண்டெ வச்சுத்தான் எது எதுக்குப் பக்கத்துலண்ணு கண்டுபிடிச்சது. மொதல்ல எல்லாவனும் சிரிச்சானுவ. பின்னெ அவனுவளே வந்து முட்டுக்குத்தி இருந்து சேத்தானுவ. கட்டிலெ ஒக்கெ எடுத்து வெளியில போட்டோம். சேத்து முடிஞ்ச பெறவு ஒருத்தனும் அதுக்கு மேல கால் வைக்கேல. அம்மெ நிக்கியாவ, சுத்திப் போலேண்ணு ஒருத்தனுக்கொருத்தன் சொல்லுவானுவ. நான் அதுக்கு ஓரத்துலயாக்கும் படுத்தேன்.”

தாசையன் ஒரு படத்தின் முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். சுமந்த பாரம் எல்லாம் இறக்கி வைத்து வருஷக்கணக்காக அவன் உட்காருகிற இடம், அவன் வேட்டி தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பான இடம், படத்தில் பளபளத்தது. “இது நான் இருக்கிய எடம்லா” என்றான் மெதுவாக.

கோழிப் படத்தை மணியன் சத்தியபாயிடம் கொடுத்தான். அந்தக் கோழி ஈஸ்டருக்குக் கறியாகிவிட்டிருந்தது. அவள் படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

டின் காலியாயிற்று. பாறை முழுக்கப் படம். நடு மத்தியில் மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் வெறுமையாகக் கிடந்தது. அதில் சிவதாணுவின் வெள்ளைக் குறி இருந்தது.

“அம்மா, இந்த ஒரு எடத்தெ மட்டும் காணேலியே. ரூமுல எல்லாவனும் இதுதான் கேட்டது. நடுவுல என்னலே ஓட்டெண்ணு.”

கார்த்தியாயினி பாறையின் ஓரத்திலேயே நின்றிருந்தாள். தான் எடுத்த படங்களை அவள் அப்போதுதான் பார்க்கிறாள்.

“அது அவிய பெயின்ட் அடிச்ச எடம் மக்கா. அது நம்மளது இல்லியேண்ணு விட்டேன்.”

மணியன் மண்டையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தக் குறியையே பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பிலிமை எடுத்து, “பெட்டி எங்கெ அம்மா?” என்று கேட்டான். அவள் குடிலுக்குள் போய்த் துணியில் சுற்றி வைத்திருந்த காமிராவைக் கொண்டுவந்தாள். அவன் பிலிமைப் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, படங்களை மிதிக்காமல் சுற்றிப் போய், வெள்ளைக் குறியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“எடு.”

அவள் பெட்டியைக் கண்ணில் வைத்தாள். ஜன்னலுக்குள் மகன் சின்னதாக உட்கார்ந்திருந்தான். தாசையன் காலை இழுத்து இழுத்து நடந்து ஜன்னலுக்குள் வந்தான். “எலே, தள்ளி இரி” என்று சொல்லி, மகனின் தோளைப் பிடித்து மெல்ல இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“அப்பொ எழுத்து?” என்றார் சிவதாணு.

கார்த்தியாயினி பெட்டியை இறக்காமலே பேசினாள். “மொதலாளி, கோவிக்கப்படாது. கொஞ்சம் மாறி நிக்கணும். ஒங்க நெழலு உள்ள விழுது.”

அவர் இரண்டடி பின்னால் போனார்.

“இன்னும் கொஞ்சம்.”

அவர் தயங்கித் தயங்கிப் பின்னால் நடந்து, எல்லைக்கல்லைத் தாண்டிப் போய் நின்றார்.

“ஆங், மதி, போரும்” என்று சொல்லிவிட்டு அவள் அமுக்கினாள்.